ஏரியில் ஒத்திகை பார்த்த துறைமுக விதி

போன வியாழக்கிழமை காலை செண்பகனூர் நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்தது. கண்டக்டர் யாரையும் ஏற்றாமல் முதலில் அவரே கீழே இறங்கி என்னிடம் வந்தார். "டீச்சர், நம்ம மிக்கேல் ஐயா தவறிட்டாருங்க. நேத்து மதியம் சாப்புட்டு மரத்தடியில ஒக்காந்தவரு, எந்திரிக்கவே இல்லையாம்" என்றார். நான் நம்பவில்லை. நாலு நாளைக்கு முன்னால்தான் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என்னை மறித்து, எங்கள் கோயில் இதழான பங்கு மலரில் நான் எழுதிய கட்டுரையில் மூன்றாவது பத்தி விளங்கவில்லை என்று சண்டை போட்டிருந்தார். அந்தச் சண்டையில் எனக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. பஸ்ஸில் ஏறாமல் அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன். வழியெல்லாம் அழுகையும் வந்தது, அவர் மேல் கோபமும் வந்தது.

மிக்கேல் பர்னாந்து ஐயாவை இந்த மலையில் தெரியாதவர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரைச் சற்று மறை கழன்றவர் என்றே நினைத்தார்கள். தெற்கே ஒரு துறைமுகத்தில் காவல் கண்காணிப்பாளராக முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே வந்தார். செண்பகனூர் ஈரத்தில் இரைப்பு இரண்டு மடங்கானது. திரும்பிப் போகலாமே என்று கேட்டால், "வந்தாச்சு, நங்கூரமும் போட்டாச்சு. இனிமே இழுக்கவா?" என்பார். கடலின் வாசனைகூட எட்டாத இந்த உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, சந்தித்தவரிடமெல்லாம் கப்பலையும் துறைமுகத்தையும் காப்பது பற்றியே பேசினால் மனிதர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

ஆனால் அந்தப் பேச்சுக்குக் காரணம் இருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் இரண்டு கோடைகளில், கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் உள்ள துறைமுகங்களின் அதிகாரிகள் கொடைக்கானலில் கூடினார்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்குப் பக்கங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் காவல் வைத்தால் திருடனும் வெடிமருந்துக்காரனும் காவல் குறைந்த துறையைத் தேடிப் போய்விடுகிறான். ஆகவே எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரே காவல் விதி வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் நோக்கம். அதை ஏன் கொடைக்கானலில் வைத்தார்கள் என்றால், மே மாதத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு கீழே கூட்டம் நடத்த முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. உள்ளூரிலேயே இருந்த மிக்கேல் ஐயாவை ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை, விடுமுறைக் காலம்தானே என்று கூட்டத்துக்குத் தட்டச்சராக அமர்த்தினார்கள்.

முதல் நாளே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. அவர் விதிகளைச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டி முடித்தேன். ஒரு பிழை இல்லை. தாளை வாங்கிப் பார்க்காமலே, "இப்பத் தமிழ்ல சொல்லுங்க டீச்சரம்மா, என்ன வெளங்குச்சு?" என்றார். நான் சொன்னேன். நங்கூரச் சங்கிலி வரும் துளைக்கு மூடி போட வேண்டும் என்ற இடத்தில் தடுமாறி, சங்கிலிக்கு எதற்கு மூடி என்று கேட்டுவிட்டேன். "திருடன் ஏணி வழியா வருவான்னு நெனைக்குதீங்க. அவன் சங்கிலியப் புடிச்சு ஏறி, அந்தத் தொளைக்குள்ள பூந்துருவான்" என்று சொல்லிக்கொண்டே தாளைக் கிழித்துப் போட்டார். நான் ஒரு கேள்வி கேட்டால் அந்த விதி மறுபடி எழுதப்படும். இது அவர் வேலை செய்யும் முறை. கடலையே பார்த்திராத என்னை எதற்குச் சோதனைக்கு வைக்கிறீர்கள் என்று சீறினேன்.

"அதுக்குத்தான் ஒங்கள வச்சிருக்கேன். கடலப் பாக்காத ஒங்களுக்கு வெளங்கிருச்சுன்னா, மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிற வாச்சருக்கும் வெளங்கிரும். பெரிய ஆபீசருக்கு வெளங்கி என்ன செய்ய? அவரா கப்பல் பக்கத்துல நிக்கப் போறாரு?"

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் ஏறும் ஏணிக்கு விளக்கு, ஏறுபவருக்கு அடையாள வில்லை, சரக்கறைப் பூட்டுக்கு முத்திரை, சங்கிலித் துளைக்கு மூடி என்று நான்கு விதிகள் ஏகமனதாக நிறைவேறின. ஐந்தாவது விதிதான் அவருடைய உயிர். அது இவ்வளவுதான்: ஒரு துறைமுகத்துக்கு ஒரு கப்பல் மேல் சந்தேகம் வந்தால், அது அடுத்துப் போகும் துறைமுகத்துக்கு அன்றே நேராகத் தந்தி அடிக்க வேண்டும், தலைநகரத்தின் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது.

அது ஏன் அவர் உயிர் என்று எனக்குத் தெரிந்தது பெருமாள்மலையில். படி எடுக்கும் இயந்திரத்துக்கு உருளை வாங்க இருவரும் திண்டுக்கல் போய்த் திரும்பும்போது, மேலே சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தோம். பொழுது போகாமல் நான்தான் வாயைக் கொடுத்தேன். அவர் வீட்டில் பிளம்ஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு கால் விந்தி நடக்கும் ஆரோக்கியம் அண்ணன் உங்களுக்கு என்ன உறவு, உங்களோடு பேசும்போது மட்டும் அவர் ஏன் வேறு பக்கம் பார்க்கிறார் என்று கேட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அவன் என் கீழ வேல பாத்த வாச்சர் டீச்சரம்மா. அவன் சீட்டக் கிழிச்சது நாந்தான்" என்று ஆரம்பித்தார். சோப்புப் பெட்டி என்று சீட்டு ஒட்டிய சரக்கு ஒரு கப்பலில் வந்து இறங்கியது. சீட்டையும் காகிதத்தையும் சரிபார்த்து ஆரோக்கியம் கொட்டகைக்குள் விட்டார். உள்ளே இருந்தது வெடிமருந்து. மறுநாள் அது புகைந்து தீப்பிடித்தது. ஆரோக்கியம் உள்ளே புகுந்து மற்றப் பெட்டிகளை இழுத்துப் போட்டதால் சேதம் கொட்டகையோடு போயிற்று. அவர் கால் வெந்தது. பழி போட மேலிடம் ஒரு ஆளைக் கேட்டது. ஒன்பதாம் நாள், 'கவனக் குறைவு' என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவில் மிக்கேல் ஐயா கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் எதிர்க்கரையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெட்டிகளை நம்பாதீர்கள் என்று, கப்பல் இங்கே வந்து சேர்வதற்கு முன்பே அங்கே ஓர் அதிகாரி எழுதியிருக்கிறார். அது அவர்கள் தலைநகரம், நம் தலைநகரம், பிறகு இன்னும் இரண்டு அலுவலகம் என்று முத்திரை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றி வந்திருக்கிறது.

"உத்தரவ ரத்து பண்ணுங்கன்னு கெஞ்சுனேன். மூடுன பைலத் தொறக்க மாட்டோம்னுட்டாங்க. ரிட்டயர் ஆனதும் அவன் வீட்டுக்குப் போயி, என்கூட மலைக்கு வாரியான்னு கேட்டேன். வந்துட்டான். ஆனா மன்னிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. கேக்க எனக்கும் நாக்கு எழும்பல." இவ்வளவையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாலை திறந்து பஸ் கிளம்பும்போது, "இனிமே எந்த வாச்சரும் தெரியாம ஒரு பெட்டி பக்கத்துல நிக்கக் கூடாது. அதுக்குத்தான் அஞ்சாவது விதி" என்றார்.

முதல் கோடையில் அந்த விதி தோற்றது. எதிர்த்தவர் தலைநகரத்திலிருந்து வந்திருந்த செயலாளர் வேதாசலம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காகிதத்தின் வழியாக மட்டுமே உலகத்தைப் பார்த்துப் பழகியவர். "ஒரு துறைமுகக் காவல் அதிகாரி இன்னொரு நாட்டுக்கு நேரா தந்தி அடிக்கறதா? நாளைக்கு அவரே போர் அறிவிச்சாலும் அறிவிப்பார்" என்றார். சபை சிரித்தது. சிரித்த சபை கை தூக்கும்போதும் அவர் பக்கம்தான் தூக்கியது. ஐந்தாவது விதியை அடித்துவிட்டு நான்கை மட்டும் படி எடுத்து எல்லோருக்கும் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. படி எடுப்பதற்கான மெழுகுத் தாளில் ஐந்து விதிகளையும் தட்டச்சில் வெட்டினேன். யார் வரி வரியாகப் படிக்கப் போகிறார்கள், கையெழுத்தாகி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வார்கள் என்று ஒரு துணிச்சல். முதல் படி உருளையில் வெளியே வந்ததும் மிக்கேல் ஐயா எடுத்துப் படித்தார். அவர் ஒருவர்தான் எல்லா வரியையும் படிக்கிற மனிதர் என்பதை மறந்துபோனேன்.

"டீச்சரம்மா, கள்ளச் சரக்கத் தடுக்குறதுக்கு விதி எழுதுதோம். அந்த விதியையே கள்ளத்தனமா ஏத்தச் சொல்லுதீங்களா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அதற்கு மேல் ஒரு சொல் திட்டவில்லை. புது மெழுகுத் தாளை எடுத்து என் தட்டச்சு இயந்திரத்தில் மாட்டி, "நாலு மட்டும்" என்றார். நான் வெட்டினேன். தன் விதி இல்லாத அந்தத் தாளை, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, இரைப்போடு அவரே எல்லாப் படியும் எடுத்தார்.

அடுத்த கோடைக்குள் அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. விதியைப் பேசிப் புரியவைக்க முடியவில்லை என்றால் நடத்திக் காட்ட வேண்டும். துறைமுகம் இல்லாவிட்டால் என்ன, ஏரி இருக்கிறதே என்றார். கூட்டம் தொடங்கிய மூன்றாம் நாள், அதிகாரிகள் அத்தனைபேரையும் கம்பளிக் கோட்டோடு ஏரிக்கரைக்கு வரவழைத்தார். படகு ஏறும் இக்கரை முதல் துறைமுகம். எதிர்க்கரை அடுத்த துறைமுகம். ஏரிக்கு மேலே சரிவில் இருந்த பங்களா தலைநகரம். அங்கே வேதாசலம் தம் பியூனோடு உட்கார்ந்தார். ஒரு பிளம்ஸ் பெட்டிக்குள் அலாரம் கடிகாரத்தை வைத்து மூடி, 'சோப்பு' என்று சீட்டு ஒட்டினார்கள். அரை மணியில் அலாரம் அடிக்கும். அதற்குள் எச்சரிக்கை எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் துறைமுகம் பிழைத்தது. எதிர்க்கரையில் காவலராக நிற்க ஆரோக்கியம் அண்ணனைக் கேட்டபோது, அவர் பிளம்ஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டே, "நிக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

முதல் ஓட்டம் பழைய முறைப்படி. இக்கரையிலிருந்து சந்தேகச் சேதியை எழுதிக்கொண்டு ஒருவர் பங்களாவுக்கு ஏறினார். படகு பெட்டியோடு கிளம்பியது. பங்களாவில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். வேதாசலம் சேதியைப் படித்தார், எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினார், உறையில் போட்டார். அரக்கு வைத்து முத்திரையிட வேண்டும் என்றார். மே மாதச் சாரலில் தீப்பெட்டி நமத்துக் கிடந்தது. பியூன் குச்சி குச்சியாக உரசினார். ஒத்திகைதானே, அரக்கு இல்லாமல் அனுப்பலாமே என்று நான் சொன்னேன். "அப்புறம் எப்படி அது ஒத்திகை?" என்று கேட்டார். சமையல்காரரிடம் நெருப்பு வாங்கப் பியூன் ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் அலாரம் அடித்தது. ஏரி முழுக்கக் கேட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆரோக்கியம் அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிளம்ஸ் தின்றுகொண்டிருந்தார். "செத்தவனுக்கு என்ன, பழத்தையாச்சும் தின்னுட்டுப் போறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மிக்கேல் ஐயாவை நேராகப் பார்த்து, "ரெண்டாந் தடவையும் எனக்குச் சேதி வரல ஐயா" என்றார். நான் பார்த்தவரையில் அவர் மிக்கேல் ஐயாவின் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. மிக்கேல் ஐயா தொப்பியைக் கழற்றித் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஓட்டம் புது முறைப்படி, சேதி கரையிலிருந்து கரைக்கு நேராகப் போகும். இந்த முறை ஏமாற்று எதுவும் நடக்காமல் தாமே பெட்டியோடு படகில் வருவதாக வேதாசலம் பிடிவாதம் பிடித்தார். படகு ஏரி நடுவுக்குப் போயிருக்கும், மேகம் இறங்கியது. நம் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏரி இல்லை, படகு இல்லை, செயலாளரும் இல்லை. அதிகாரிகள் கரையில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரிடம் சொல்வது என்று ஒரு விவாதமே தொடங்கிவிட்டது.

படகுக்காரர் பாண்டி அந்த விவாதத்துக்கு நிற்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, "என் கரையில ஒண்ணு கொறையுதேய்!" என்று கத்தினார். எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது: "இங்கன வரல!" மூன்றாவதாக, ஏரிக் கோடியில் புல் அறுத்துக்கொண்டிருந்த இன்னொரு படகுக்காரர், "இந்தப் பக்கம் துடுப்புச் சத்தம் கேக்குதுப்பா!" என்றார். மேகம் இறங்கினால் ஒவ்வொரு கரையும் தன்னிடம் குறைகிற படகை அடுத்த கரைக்குக் கூவிச் சொல்வது இந்த ஏரியில் இருக்கிற வழக்கம்தான். மூன்று கரையும் மாறி மாறிக் குரல் கொடுக்க, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே துடுப்புப் போட்டுப் படகு பத்து நிமிடத்தில் எதிர்க்கரை சேர்ந்தது. பெட்டியும் சேர்ந்தது; அலாரம் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. ஆரோக்கியம் அண்ணன் பெட்டியை வாங்கித் தூரமாக வைத்துவிட்டு, செயலாளரைக் கைபிடித்து இறக்கினார்.

இக்கரைக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது வேதாசலம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் பாண்டியைக் கூப்பிட்டு, "கத்தறதுக்கு உனக்கு யார் பர்மிஷன் கொடுத்தா? மேனேஜருக்குத் தெரியுமா?" என்று கேட்டார் பாருங்கள், அதுதான் வேதாசலம்.

"மேனேஜரு சாப்புடப் போயிருக்காருங்க. அவரு வந்து சொல்ற வரைக்கும் நீங்க தண்ணிக்குள்ளயே இருப்பீங்களா? வெரசா போயி துணிய மாத்துங்க, சளி புடிச்சுக்கும்" என்றார் பாண்டி. கொழும்பிலிருந்து வந்திருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் வேதாசலமும் சிரித்துவிட்டார்.

ஆனால் மறுநாள் சபையில் அவர் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி ஒன்றைத்தான் கேட்டார். வேகமாகப் போகும் என்பது சரி. சந்தேகம் தவறாகப் போனால்? ஒரு நல்ல கப்பலை ஓர் அதிகாரி வீணாக நிறுத்தவைத்தால் அவர் பெயர் என்ன ஆகும்? அந்த அவமானத்துக்குப் பயந்து யாருமே நேராகத் தந்தி அடிக்க மாட்டார்கள், பிறகு விதி எதற்கு? அங்கிருந்த ஒவ்வொருவரும் தம் கையெழுத்தை நினைத்துப் பார்த்திருப்பார்கள். விதி மறுபடியும் தோற்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தோடு குழுவும் கலைவதாக இருந்தது. அதற்குப் பிறகு ஐந்தாவது விதியைக் கேட்க ஒரு இடமும் இல்லை.

மிக்கேல் ஐயா எழுந்தார். வாசலில் நின்ற ஆரோக்கியம் அண்ணனை, "ஏலே, உள்ள வா" என்று கூப்பிட்டுத் தம் பக்கத்தில் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். அது அந்தப் பணி நீக்க உத்தரவின் நகல். ஆங்கிலத்தில் படித்தார், பிறகு ஆரோக்கியம் அண்ணனுக்காகத் தமிழில் படித்தார். கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது என்றார்.

"அவமானத்தப் பத்திக் கேட்டீங்க. சந்தேகம் தப்பாப் போனா ஒரு கப்பல் வெளியில அரை நாள் நிக்கும். மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது. சேதி வராமப் போனதால நான் என்ன செஞ்சேன் தெரியுமா? இவன் கால் வெந்து கெடக்கையில இவன் சோத்துல மண்ணப் போட்டேன். தப்பு இவன் மேல இல்ல. என் மேலதான். இதுக்கு மேல ஒரு அவமானம் இருந்தாச் சொல்லுங்க, அதுக்குப் பயப்படுவோம்."

சுருக்கெழுத்தில் எல்லாவற்றையும் எடுக்கிற என் பென்சில் அங்கே நின்றுவிட்டது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. வேதாசலம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "காவலர் பெயரை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று ஆரோக்கியம் அண்ணனிடமே கேட்டார். பிறகு, நல்லெண்ணத்தோடு எச்சரிக்கும் எந்த அதிகாரி மேலும் நடவடிக்கை கூடாது என்று ஒரு வாக்கியத்தைத் தாமே முன்மொழிந்தார். ஐந்தாவது விதி நிறைவேறியது. அன்று மெழுகுத் தாளில் ஐந்தையும் வெட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எதையும் தட்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறு ஆண்டே கடலின் எதிர்க்கரையிலிருந்து ஐயாவின் பழைய துறைமுகத்துக்கு ஒரு தந்தி நேராக வந்தது. கப்பலை வெளியிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். பால் டப்பா என்று சீட்டு ஒட்டிய பெட்டியில் வேறு சரக்கு இருந்தது. அப்போதைய கண்காணிப்பாளர் நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். மிக்கேல் ஐயா அதைத் தோட்டத்தில் நின்று உரக்கப் படித்தார். ஆரோக்கியம் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "வாச்சருக்கு ஒண்ணும் ஆவலையே?" ஒன்றும் ஆகவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் பழைய உத்தரவும் ரத்தாகி, தவறு இல்லை என்று அரசு முத்திரையோடு காகிதம் வந்தது. அதை மிக்கேல் ஐயா ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து நீட்டியபோது ஆரோக்கியம் அண்ணன், "மருந்தடிக்கிற கையி, அங்கன வச்சிட்டுப் போங்க" என்றாராம். மன்னிப்பு என்ற பேச்சு அப்போதும் வரவில்லை. கிளையை எந்தக் கணுவில் வெட்டுவது என்பதில் மிக்கேல் ஐயா சாகும்வரை இருவரும் சண்டை போட்டார்கள்.

அடக்கத்தன்று துறைமுகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி மலர் வளையத்தோடு வந்திருந்தார். சவப்பெட்டியின் தலைமாட்டில் விந்தி விந்தி நடந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, ஐயாவுக்கு நீங்க என்ன வேணும் என்று மரியாதையாகக் கேட்டார். "அவரு சீட்டக் கிழிச்ச வாச்சர் நாந்தான்" என்று ஆரோக்கியம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அந்தப் பையன் மலர் வளையத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள், அதுவும் பொய் இல்லை.

எல்லோரும் போன பிறகு கல்லறைப் பக்கத்தில் ஆரோக்கியம் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் அருகில் உட்கார்ந்தேன். "மலைக்கு வந்த நாள்லருந்து வெள்ளனே எந்திரிச்சு அவரு கையால காபி போட்டு, என் ரூமுக்குக் கொண்டாந்து குடுப்பாரு டீச்சர். ரெண்டாவது வருசமே எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. மன்னிச்சேன்னு சொன்னா மறுநா காபி வராதேன்னு வாயத் தொறக்கல. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். தெரியாமலே போயிட்டாரே" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மிக்கேல் ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஐந்தாவது விதியைத்தான். கப்பலும் துறைமுகமும் எனக்கு இல்லை. தெரிந்ததைத் தெரிய வேண்டியவருக்கு அன்றே, நேராகச் சொல்லிவிட வேண்டும், யாரிடமும் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் எனக்கு அதில் கிடைத்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரே என்னிடம் வாக்கு வாங்கியிருந்த ஒரு சேதி என்னிடம் இருந்தது. அந்த வாக்கை அங்கேயே உடைத்தேன்.

"அவருக்குத் தெரியும் அண்ணே. போன கிறிஸ்துமஸுக்கு என்கிட்டச் சொன்னாரு: 'அவன் என்னிக்கோ மன்னிச்சுட்டான் டீச்சரம்மா. காபிக்காக வாயத் தொறக்க மாட்டேங்கான். நானும் கேக்க மாட்டேன். கேட்டு அவன் சொல்லிட்டா, அப்புறம் நான் காபி கொண்டு போனா வாங்க மாட்டான்.'"

ஆரோக்கியம் அண்ணன் துண்டை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு புது மண்ணைப் பார்த்துத் திரும்பி, "கள்ளப் பய" என்று சொல்லிச் சிரித்தார்.